கேட்டுச் சிரிக்கும் காதற்கதை

திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது ‘மகிழடி சேவை’ என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. மகிழ மரத்தின் அடியில் நின்று சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த வரலாற்றை நினைவூட்டும் விழா அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் அவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடியிருக்கிறார். அந்நூலை ஏட்டிலே படித்தவர்களைவிடக் காதிலே கேட்டவர்களே நம் நாட்டில் மிகுதி எனலாம். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட்டை இசையோடு சொல்லிப் பொருள் விரிப்பார். ஊரார் சுற்றியமர்ந்து கேட்பர்.

கதை இதுதான். திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தலங்கள்தோறும் பாடிக்கொண்டு திருவொற்றியூருக்கு வருகிறார். அங்கே இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் தொண்டில் இருந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொள்கிறார். தம் தோழராகிய சிவபெருமானையே தூது போகுமாறு வேண்டுகிறார். ‘உன்னைப் பிரியேன் என்று அவன் சத்தியம் செய்வான்’ என இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி உறுதி கூறுகிறார். சத்தியம் என்றதும் சுந்தரருக்குக் கவலை பிறக்கிறது. ஊர் ஊராகப் பாடித் திரிபவர் ஓர் ஊரிலேயே எவ்வாறு தங்குவது? ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார். ‘நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது தாங்கள் சந்நிதியை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டும்’ என்று கேட்டுக்கொள்கிறார். இறைவனும் ‘அப்படியே ஆகட்டும்’ என்கிறார். உடனே சங்கிலியாரின் கனவுக்குச் சென்று, ‘சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்’ என்று சொல்லிவிடுகிறார்! பொழுது விடிகிறது. சுந்தரர் நிம்மதியோடு கோயிலுக்குள் வருகிறார். ‘மகிழின்கீழ் வந்து சொன்னால் போதும்’ என்று சங்கிலியாரின் தோழியர் கூறுகின்றனர்.

இவ்விடத்தில் கதை சொல்பவர் சற்றே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் கூட்டம் முழுவதும் சிரிக்கும். சிரிப்பு அடங்கியபின் துன்பப் பகுதி வரும். சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் இரு கண்களின் ஒளியையும் இழக்கிறார். ஊன்றுகோல் பெற்று வழி நடக்கிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் ஒளி பெறுகின்றன. காதல், தந்திரம், பயணம், இடர், மீட்சி ஆகிய அனைத்தும் இக்கதையில் உண்டு. பக்தியோடு கேட்பவரும் இதைச் சிரித்தே கேட்கின்றனர். அச்சிரிப்பால் பக்தி குறைவதில்லை.

இத்தகைய கதையைக் கண்ணால் படிப்பதற்கும் காதால் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு யாது? இன்று அது எந்த வடிவில் நம் கைக்கு வந்திருக்கிறது? இதுகாறும் பிறர் சிரிப்பதற்கு மட்டுமே பொருளாயிருந்த ஒரு சாராருக்கு அது என்ன அளிக்கிறது? இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலில் சிரிப்பைப் பற்றி நம் முன்னோர் எண்ணியதை அறிவது நலம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், நகை என்னும் சுவை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்று வகுக்கிறார். எள்ளல் ஒன்று; இளமை ஒன்று; பேதைமை ஒன்று; மடன் ஒன்று. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது உலகம் அறியாத பருவத்தின் துடுக்கு. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒன்றைப் பற்றிக்கொண்டு, அது தவறு என்று கண்ட பின்னும் விடாத தன்மை. இந்நான்கில் எள்ளல் மட்டுமே பிறரைத் தாழ்த்துவது. மற்ற மூன்றும் எல்லா மனிதரிடத்தும் உள்ளவை. ஆதலால் அவற்றைக் கண்டு சிரிக்கும்போது நாம் நம்மையும் சேர்த்தே சிரிக்கிறோம். மகிழ மரத்தடியில் திகைத்து நிற்கும் சுந்தரரைக் கண்டு பிறக்கும் சிரிப்பு இம்மூன்றில் அடங்கும்.

ஒரு வாக்கியம் எந்தச் சிரிப்பைத் தருகிறது என்பதை அச்செழுத்து எப்போதும் சொல்லிவிடுவதில்லை. ‘நீ கெட்டிக்காரன்தான்’ என்ற சொற்றொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் சொன்னால் அது கொஞ்சல். பகைவன் சொன்னால் அது ஏளனம். தோற்றவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது கழிவிரக்கம். எழுத்து ஒன்றே, குரல்தான் மூன்றையும் பிரிக்கிறது. குரலின் ஏற்றம், இறக்கம், விரைவு, நிறுத்தம் ஆகிய நான்கும் நகைச்சுவையின் உயிர். சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லி வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் இக்கலையை நன்கு அறிந்தவர். கேட்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பர். சொல்பவர் குரலிலோ சிரிப்பின் சாயலே தோன்றாது.

கூடிக் கேட்கும் வழக்கம் வடசென்னைக்குப் புதிதன்று. 1930ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மேற்கொண்டபோது, மெரினாக் கடற்கரையிலும் ராயபுரத்து ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்கள் அங்கே சென்று கேட்டனர். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. மண்டபம் பூங்காவாயிற்று, பூங்கா பிறகு வீட்டுக் கூடமாயிற்று. எங்கும் பலர் சேர்ந்தே கேட்டனர்.

புத்தகம் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை குரலிலே பதிந்து வைக்கும் முயற்சிக்கு வேறொரு வரலாறு உண்டு. எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தபோதே, கண் பார்வை இழந்தவர்களுக்குப் பேசும் புத்தகம் செய்யலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் அக்காலத்து இசைத்தட்டு சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். ஒரு நாவலைக் கேட்க வண்டி நிறையத் தட்டு வேண்டியிருக்கும். முதல் உலகப் போரில் நச்சுப் புகையாலும் குண்டாலும் பார்வையிழந்து திரும்பிய வீரர் பலரால், வளர்ந்தபின் புடைப்பெழுத்தை விரலால் தடவிப் படிக்கக் கற்பது இயலவில்லை. அவர்களுக்காகவே மெல்லச் சுழலும் தட்டு உருவாயிற்று. அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடியது. 1935ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் பேசும் புத்தகங்கள் முதன்முதலாக வெளிவந்தன. முதலில் வந்தவற்றுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். மற்றொன்று கப்பலும் புயலும் நிறைந்த ஜோசப் கான்ராடின் ‘டைபூன்’. கண்ணிழந்தவர்க்கு அறவுரை நூலை மட்டும் கொடுத்தால் போதும் என்று எண்ணாமல், திகிலும் வீரமும் நிறைந்த கதைகளை முதலிலேயே கொடுத்தவர்களின் மனப்பாங்கு பாராட்டத்தக்கது. துன்புற்றவனுக்கும் பொழுதுபோக்கு வேண்டும்; அவனும் சிரிக்க உரிமை உள்ளவன்.

இன்று அந்தத் தட்டு இல்லை. அதன் பின் வந்த ஒலிநாடாவும் மறைந்தது. ஒரு முழு நாவல் கைபேசியில் அடங்கிவிடுகிறது. ஒலிநூல் செய்பவர், ஓசை புகாத சிறு அறையில் ஒலிவாங்கியின் முன் தனியே அமர்ந்து வாசிக்கிறார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்பது பொதுவான வேகம். தவறு நேர்ந்த இடத்தை மீண்டும் வாசித்து ஒட்டுகின்றனர். கிழவர், குழந்தை, காதலர், கொள்ளையர் அனைவரும் அந்த ஒருவர் குரலிலேயே பிறக்க வேண்டும். நம் கதாகாலட்சேபக்காரர் செய்தது இதைத்தான். அவர் முன்னே கூட்டம் இருந்தது. இவர் முன்னே சுவர்தான் இருக்கிறது. அது ஒன்றே வேறுபாடு.

எண்ணூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வரும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நிலையங்கள் வருகின்றன. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. மற்றொரு பக்கம் துறைமுகத்திற்குச் செல்லக் காத்து நிற்கும் சரக்குப்பெட்டி லாரிகளின் நீண்ட வரிசை. வண்டிக்குள் காதில் ஒலிக்கருவி செருகிய இளைஞர் பலர். சிலர் பாட்டுக் கேட்கலாம். சிலர் பாடம் கேட்கலாம். ஒருவர் மட்டும் திடீரெனத் தமக்குள் சிரித்துக்கொண்டால், அவர் கதை கேட்கிறார் என்று ஊகிக்கலாம்.

அவ்வாறு சிரிக்க வைக்கும் கதை ஒன்றை இப்போது அறிமுகம் செய்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் மெக்கென்சி லீ 2017ஆம் ஆண்டில் எழுதிய அந்நாவலின் பெயர் ‘தி ஜென்டில்மேன்ஸ் கைட் டு வைஸ் அண்ட் வெர்ச்சூ’. தீமைக்கும் நன்மைக்கும் கனவான்களுக்கு ஒரு வழிகாட்டி என்பது அத்தலைப்பின் பொருள். அதன் ஒலிநூலை வாசித்தவர் கிறிஸ்டியன் கூல்சன் என்ற ஆங்கில நடிகர். பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடும் அந்நூல், இளைஞர்களுக்கென்றே எழுதப்பட்டது.

கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. இங்கிலாந்துப் பிரபுக்கள் தம் மைந்தரைக் கல்வி முடிந்தபின் ஐரோப்பிய நாடுகளில் சுற்றிவர அனுப்புவது அக்கால வழக்கம். மான்ட்டி என்ற பிரபு மகன் அவ்வாறு புறப்படுகிறான். குடியும் கும்மாளமுமாகத் திரிபவன். தன்னைப் போன்ற அழகன் இல்லை என்று எண்ணுபவன். அவனோடு இளமைத் தோழன் பெர்ஸியும் தங்கை பெலிசிட்டியும் செல்கின்றனர். மான்ட்டிக்குப் பெர்ஸிமீது காதல். அதைச் சொல்லத் துணிவில்லை. வெர்சேய்ல்ஸ் அரண்மனையில் துடுக்குத்தனமாக ஒரு சிறு பெட்டியைத் திருடுகிறான். ஆடை அணியவும் நேரமின்றித் தோட்டத்தின் வழியே ஓடுகிறான். அந்தப் பெட்டிக்காகக் கொள்ளையர் துரத்துகின்றனர். வழி தவறி, பொருள் இழந்து, பார்சிலோனாவுக்கும் வெனிசுக்கும் அலைகின்றனர். கடற்கொள்ளையரிடமும் அகப்படுகின்றனர். அக்கொள்ளையரோ தொழிலில் தேர்ச்சி பெறாதவர்கள்! துறைமுகத்தருகே வளர்ந்த நம் மாணவர்கள் அப்பகுதியைப் பெரிதும் விரும்புவர்.

இதில் சிரிப்பு எங்கே பிறக்கிறது? கதையை மான்ட்டியே சொல்கிறான். தான் நிலைமையை முற்றும் ஆள்வதாக அவன் குரல் பெருமை பேசும். நடப்பதோ அதற்கு நேர்மாறாக இருக்கும். கேட்பவர்க்குத் தெரிவது அவனுக்குத் தெரியாது. இளமையும் பேதைமையும் மடனும் ஒருங்கே கூடிய நகை இது. அச்சில் படிக்கும்போது அவனுடைய தற்பெருமை சில இடங்களில் நமக்குச் சலிப்பைத் தரக்கூடும். குரலில் கேட்கும்போது அந்தப் பெருமைக்கு அடியில் ஓடும் நடுக்கமும் கேட்கிறது. பெர்ஸியின் பெயரைச் சொல்லுமிடத்தில் அவன் பேச்சின் வேகம் தடுமாறினால், அவன் காதலைச் சொல்லாமலே நாம் அறிந்துகொள்கிறோம்.

சிரிப்புக்கு உள்ளே துன்பமும் உண்டு. மான்ட்டி தந்தையின் அடிக்கு ஆளானவன். பெர்ஸி வலிப்பு நோயுள்ளவன். பயணம் முடிந்ததும் அவனை நோயர் விடுதி ஒன்றில் அடைத்துவிடக் குடும்பத்தார் முடிவு செய்திருக்கின்றனர். அவன் கறுப்பு, வெள்ளை ஆகிய இரு இனத்தார்க்கும் பிறந்தவன். அதனால் படும் இழிவு வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவுக்கு அக்கால இங்கிலாந்தில் மரண தண்டனை இருந்தது. கதை இவற்றை மறைக்கவில்லை. மறைக்காமலே இருவரையும் உயிரோடும் காதலோடும் கரை சேர்க்கிறது. அதன் சிறப்பு அதுவே.

இதன் அருமையை அறிய ஒரு நூற்றாண்டு பின்னே செல்ல வேண்டும். நம் நாட்டுக்கு வந்து தங்கி, இந்தியாவைப் பற்றி 1924ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நாவலை வெளியிட்டவர் இ. எம். பார்ஸ்டர். அதற்கு முன்பே, 1913, 1914ஆம் ஆண்டுகளில் ‘மாரிஸ்’ என்ற நாவலை எழுதினார். இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் அந்நாவல் இன்பமாகவே முடிய வேண்டும் என்பது அவருடைய உறுதி. தற்கொலையிலோ சிறையிலோ முடித்திருந்தால் அதை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனினும் முடிவை மாற்றவில்லை. நூலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பார்ஸ்டர் சிறந்த வானொலிப் பேச்சாளர். பிரிட்டிஷ் வானொலியில் பல ஆண்டுகள் நூல்களைப் பற்றிப் பேசியவர். ஊரார் நூல்களையெல்லாம் ஒலிவாங்கியின் முன் பாராட்டிய அவர், தம் நெஞ்சுக்கு நெருங்கிய நூலைப் பற்றி அங்கே வாய் திறக்க இயலவில்லை. 1970ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1971ஆம் ஆண்டில் ‘மாரிஸ்’ வெளிவந்தது.

அதே இங்கிலாந்தின் சட்டத்தைத் தழுவி 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நம் நாட்டையும் ஆண்டது. வயது வந்தவர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவை அப்பிரிவு குற்றமாக்குவது செல்லாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கில், இத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது என்றும், மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வது தடுக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டார். இவ்வழக்கில் அவர் இன்னொன்றும் செய்தார். தமக்கு இப்பொருளில் போதிய அறிவு இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞர் ஒருவரிடம் சென்று பாடம் கேட்டார். நீதிபதியே மாணவராகிச் செவிசாய்த்தது நினைவில் வைக்கத் தக்கது. ஏளனமற்ற சொற்களால் இவர்களைக் குறிக்க வேண்டும் என்ற அந்நீதிமன்றத்தின் முயற்சியால், 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது.

சொல் மாறிவிட்டது, சட்டமும் ஓரளவு மாறிவிட்டது. சிரிப்பு மாறிற்றா? நம் திரைப்படங்களில் ஆண்மேல் அன்பு கொண்ட ஆண் தோன்றினால், பெரும்பாலும் நடையையும் குரலையும் பழித்துக் காட்டுவதற்காகவே தோன்றினான். தொல்காப்பியர் சொன்ன நான்கில் எள்ளல் ஒன்றே அவனுக்குக் கிடைத்தது. அரங்கம் அதிரச் சிரித்தபோது, அதே இருட்டில், அதே வரிசையில், தன்னைப் பற்றியே இச்சிரிப்பு என்று உணர்ந்து, தானும் சேர்ந்து சிரிப்பதுபோல் நடித்த பிள்ளை ஒருவன் இருந்திருப்பான். அவன் வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவனாகவும் இருக்கலாம். அவனைப் போன்ற ஒருவன் கதாநாயகனாகி, தன் அசட்டுத்தனத்தால் இடறி விழுந்து, எழுந்து, காதலிலும் வென்றால், அக்கதை அவனுக்கு வெறும் பொழுதுபோக்காக இராது. மற்ற எல்லாரையும் போலத் தானும் சிரிக்கத்தக்க மனிதன், சிரிப்புக்கு இரையாகும் பண்டமல்லன் என்று அவன் அறிந்துகொள்கிறான்.

இங்கே ஒலிநூலுக்கு ஒரு தனிப்பயன் இருக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு அட்டை உண்டு. ரயிலில் எதிரே அமர்ந்தவர் அட்டையைப் பார்ப்பார். வீட்டில் மேசைமேல் வைத்தால் தம்பி எடுத்துப் புரட்டுவான். காதில் ஒலிக்கும் புத்தகத்துக்கு அட்டை இல்லை. அஞ்சி வாழ்பவனுக்கு அது ஒரு பாதுகாப்பு. நெரிசல் மிக்க வண்டியிலும் அவன் தன் கதையோடு தனியே இருக்கலாம். ஆயினும் அப்பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. சிரிப்பு இயல்பாகவே துணை தேடுவது. மகிழடியில் கூட்டம் சிரித்ததுபோல் அவன் யாரோடு சேர்ந்து சிரிப்பான்? ஏன் சிரிக்கிறாய் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், அவன் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, ஒலிநூல் கேட்பதற்குச் சில முறைகள் உண்டு. கருவியில் வேகத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது. பாடத்துக்கு அது உதவலாம், நகைச்சுவைக்கு உதவாது. நிறுத்தம் சுருங்கினால் சிரிப்பும் சுருங்கிவிடும். முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் கேளுங்கள்; குரல் பழகும்வரை கதை பிடிபடாது. ஆங்கிலம் கடினமாக இருப்பின் அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், உச்சரிப்பும் கைவரும். தண்டவாளத்தையோ லாரி ஓடும் சாலையையோ கடக்கும்போது கருவியைக் காதிலிருந்து கழற்றிவிடுங்கள். கேட்டு முடித்த பின், எந்த இடத்தில் சிரித்தோம், எவ்வகைச் சிரிப்பு அது என்று எண்ணிப் பாருங்கள். கதையில் உள்ளவர் நம் சிரிப்பைக் கேட்டால் தலை குனிவாரா, தாமும் சேர்ந்து சிரிப்பாரா? நல்ல நகைச்சுவைக்கு இதைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை.

இன்னும் ஒன்று செய்யலாம். நல்ல பகுதி ஒன்றைத் தேர்ந்து, நண்பர் நால்வர் கூடியிருக்கும்போது காதுக்கருவியை நீக்கிவிட்டு எல்லாரும் கேட்க வையுங்கள். எழுத்தார்வம் உள்ளவர்கள் தமிழிலேயே அத்தகைய கதையை எழுதிக் குரல் கொடுங்கள். அதற்குக் கடற்கொள்ளையரைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. காசிமேட்டுத் துறையில் விடியற்காலை ஏலம் நடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் படகு இருக்கிறது. வழி தவறுவதற்கு வேண்டிய சந்துகள் ராயபுரத்தில் எத்தனையோ உண்டு. காதலைச் சொல்லத் துணியாத அசட்டு நாயகர்களுக்கோ எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

தம் காதலுக்காகத் தந்திரம் செய்து, அத்தந்திரத்தில் தாமே சிக்கிய ஒருவருடைய கதையை ஊர் கூடிக் கேட்டு, அன்போடு சிரிக்கக் கற்றுக்கொடுத்த தலம் திருவொற்றியூர். அந்த அன்புச் சிரிப்பில் இன்னும் சிலருக்கு இடம் கொடுப்பதால் நம் மரபு குறைந்துவிடாது. ரயிலில் தனியே சிரிக்கும் இளைஞர், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு காதுக்கருவியைக் கழற்றி நீட்டி, ‘இதைக் கேட்டுப் பாருங்கள்’ என்று அஞ்சாமல் சொல்லும் நாள் விரைவில் வரட்டும்.